வந்துட்டேன் அண்ணனின் வியாழக்கிழமைக் கட்டம்

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊரில் ஒருத்தர் வாயிலும் இல்லை. ஊருக்கு அவர் 'வந்துட்டேன்'.

லிப்ட் பழுது பார்க்கிறவர். இருபத்திரண்டு வருட வேலை, முப்பத்தோரு கட்டடம். எந்தக் கட்டடத்துக் காவலாளி போன் போட்டு "அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாலும், "இதோ, வந்துட்டேன்" என்பார். சொல்லும்போது வாய் நிறையப் பற்பசை நுரை இருக்கும். காவலாளிகள் இதற்கென்று ஒரு அகராதியே வைத்திருந்தார்கள். 'வந்துட்டேன்' என்றால் இன்னும் சட்டை போடவில்லை. 'பக்கத்துல வந்துட்டேன்' என்றால் சட்டை போட்டாகிவிட்டது, செருப்பில் ஒன்றைக் காணோம். 'கீழதான் நிக்கிறேன்' என்றால் அவருடைய வீட்டுக்குக் கீழே நிற்கிறார்.

பொய்யர் என்று மட்டும் அவரைச் சொல்லக்கூடாது. சொல்கிற அந்த நொடியில் அவர் மனசு நிஜமாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். உடம்புதான் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். முழங்கால் ஆடினால் மேஜை ஆடும், மேஜை ஆடினால் டம்ளர் தண்ணீர் ஆடும். பதினாறு வயது மகள் தன் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நிலநடுக்கம் கொஞ்சம் ஜாஸ்திப்பா" என்பாள்.

நாலு வருடத்துக்கு முன்பு வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கத்தில் அக்கா. அக்கா தபால் வேன் ஓட்டுகிறவள். அவள் வண்டி தெருவில் திரும்பினால் ஜனங்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள். அக்கா ஆறு தடவை தம்பிக்குப் போன் செய்தாள். ஆறு தடவையும் "வந்துட்டேங்கா" என்றார். ஆறு தடவையும் அக்கா குனிந்து, "வந்துட்டானாம்மா" என்று அம்மா காதில் சொன்னாள். அவர் படியேறி ஓடி வந்தபோது அம்மா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா கத்தவில்லை. "என் வாயால அம்மாகிட்ட ஆறு பொய் சொல்ல வெச்சிட்டல்ல" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு அவர் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டாள். தம்பி மனைவியோடு மட்டும் மாதம் ஒரு தடவை பேசுவாள். அந்தப் பேச்சில் தம்பி என்கிற சொல்லே வராமல், ஓட்டைச் சாலையில் பள்ளம் விலக்குவது மாதிரி விலக்கி ஓட்டுவாள்.

இந்த வருடம் பிறந்ததும் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. வருடா வருடம் பாட அட்டவணை போடுவது அவள்தான். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்திரண்டு வகுப்புகள், ஒரே ஒரு விளையாட்டு மைதானம். ஒருவரை ஒருவர் முட்டாமல் வாரம் ஓட வேண்டும்.

"அத்தனை பேரைக் கட்டத்துக்குள்ள உக்கார வெக்கிறேன். உங்க ஒருத்தரை வெக்க முடியாதா?" என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கட்டம் போட்ட நோட்டை அவர் முன்னால் வைத்தாள். "நாளைக்கு என்ன வேலைன்னு பட்டியல் போடறதுல பிரயோஜனம் இல்லைங்க. பட்டியல் பாட்டுக்கு நீளும், நாள் நீளாது. எந்த வேலை எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு கட்டம் போடணும். கட்டத்துல இடம் இல்லைன்னா அந்த வேலை அன்னைக்கு இல்லை."

அவர் ஆர்வமாகப் போட்டார். திங்கட்கிழமைக்குப் பதினான்கு கட்டம். பார்க்கத் தேன்கூடு மாதிரி அழகாக இருந்தது.

மனைவி நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒன்பதரைக்கு இந்தக் கட்டடத்துல முடிக்கிறீங்க. ஒன்பதரைக்கே ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டடத்துல ஆரம்பிக்கிறீங்க. நடுவுல எப்படிப் போறீங்க, பறந்தா?"

"வேகமாப் போவேன்."

"அப்பா மனசு முன்னாடியே போயிடும்மா, தெரியாதா?" என்றாள் மகள், பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பாடப் புத்தகத்துக்குள் என்ன இருந்ததோ.

அன்றிலிருந்து சட்டங்கள் வந்தன. பயணத்துக்கும் கட்டம் உண்டு. போனுக்கு ஒரு நாளைக்கு மூன்று கட்டம். மற்ற நேரம் போன் கருவிப் பைக்குள். யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் அந்த நேரத்தில் கூட்டாளி பார்ப்பான். அவனுக்குத் தலைமுடியை வைத்துச் சுருட்டை என்று பெயர். தினமும் ஒரு சிவப்புக் கட்டம், எதிர்பாராமல் கெட்டுப்போகிறவற்றுக்கு. கடைசியாக, தினமும் ஒரு காலிக் கட்டம்.

காலிக் கட்டத்தில்தான் தகராறு. அதைப் பார்த்தாலே அவருக்குக் கை அரித்தது. "சும்மா கிடக்குதே?" என்று பென்சிலை எடுத்தார்.

மனைவி பென்சிலைப் பிடுங்கினாள். "லிப்ட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல எதுக்கு இடைவெளி விடறீங்க?"

"உரசாம இருக்க."

"இதுவும் அதுக்குத்தான்."

மூன்று மாதத்தில் மனிதர் மாறிப்போனார். ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பதுக்கு வாசலில் நின்றார். இன்னும் கதவையே திறந்திராத காவலாளிகள் தூக்கக் கண்ணோடு ஓடி வந்து, "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். நேரத்துக்கு வருகிற மனிதரை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டாருக்கும் புரிந்தது. டீ ஆறு பத்து என்றால் ஆறு பதினொன்றுக்கு அது ஆறிய டீ, வேண்டாம். ஒரு நாள் மகள் அவர் கையெழுத்திலேயே நோட்டில் ஒரு வரி சேர்த்து வைத்தாள்: '7.10 – 7.25: மகளை முறைத்தல்.' அவர் யோசிக்கவே இல்லை. கட்டத்தில் இருக்கிறதே என்று ஏழு பத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முறைத்தார். ஏழு இருபத்தைந்துக்கு எழுந்து போனார். மகள் சிரிக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தை அவள் அழிக்கவில்லை. அது ஏனென்று யாரும் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. மனைவியிடம் சொல்லியிருந்தாள். "வேலை மாத்தலாகி ரொம்பத் தூரம் போறேன். வியாழக்கிழமை உங்க ஊர்ல பஸ் மாறணும். மூணரைக்கு இறங்குவேன், அஞ்சேகாலுக்கு அடுத்த பஸ். நாலு மணிக்கு ஒன்பதாவது நடைமேடையில உக்காந்திருப்பேன். வரணும்னா வரட்டும். வரலைன்னா இனிமே நானும் கேக்க மாட்டேன், நீயும் அவன் பேச்சை எடுக்காதே."

அவர் அன்றைக்கே நோட்டை எடுத்தார். வியாழன், நாலு முதல் ஐந்து வரை: 'அக்கா'. பேனாவால் நாலு சுற்று வரைந்ததில் தாள் கிழிந்து வெள்ளிக்கிழமை தெரிந்தது. பேருந்து நிலையம் போக இருபது நிமிடம் போதும். ஆனாலும் மூன்றரைக்கே பயணக் கட்டம். இரண்டேகாலுக்கு எல்லா வேலையும் முடிந்துவிட வேண்டும். இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை மனைவி ஒன்றுமே எழுதவிடவில்லை. அந்த வெற்றிடத்தில் மகள் பொடி எழுத்தில் எழுதி வைத்தாள்: 'இங்கே வேலை எழுதினால் கை வெந்துவிடும்.'

வியாழக்கிழமை எல்லாம் சொல்லி வைத்தாற்போல் நடந்தது. அதுதான் வினை. இரண்டு பத்துக்கே வேலை முடிந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பைக்கை நிறுத்தி நின்றார். மணி இரண்டு இருபது. ஒரு டீ குடித்தார். இரண்டு இருபத்தாறு. அக்காவிடம் என்ன பேசுவது என்று யோசித்தார். முதல் வாக்கியமே வரவில்லை. அங்கே நின்றால் நெஞ்சுக்குள் எலி ஓடுகிற மாதிரி இருந்தது. எதிரே பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்த எட்டு மாடிக் கட்டடம். அதுவும் அவருடைய லிப்ட்தான். நாலாவது மாடியில் திரைச்சீலை தைத்து விற்கிற ஒரு அம்மா, லிப்ட் ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் வெட்டி இழுக்கிறது என்று பதினோரு தடவை புகார் கொடுத்திருந்தார்.

பென்சில் தானாகக் கைக்கு வந்தது. மகளின் எச்சரிக்கைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: '2.30 – 3.00: வெட்டு.'

பழைய காலத்து லிப்ட் அது. இழுத்து மூடுகிற கம்பிக் கதவு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெட்டு எங்கே என்று காதால்தான் பிடிக்க வேண்டும். பையை உள்ளே கொண்டு போனால் ஸ்பேனர்கள் குலுங்கிச் சத்தத்தை விழுங்கிவிடும். அதனால் பையை ஐந்தாவது மாடித் தரையில் வைத்தார். போன் பைக்குள். சட்டம் சட்டம்தானே. கதவை மூடினார், நாலை அழுத்தினார். ஆள் உயரத்தில் முக்கால்வாசி இறங்கியதும் லிப்ட் ஒரு வெட்டு வெட்டியது. நின்றுவிட்டது.

இரண்டு முப்பத்தெட்டு.

நாலை அழுத்தினார். ஐந்தை அழுத்தினார். எல்லாவற்றையும் அழுத்தினார். சின்னக் குழந்தைகள் செய்தால் அவர் திட்டுவாரே, அதே மாதிரி. பிறகு அவசரப் பொத்தான். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியைப் பொருத்தியவரே அவர்தான்; அழுத்தினால் நேராகப் பழுது பார்க்கிறவருக்குப் போன் போகும்; சுருட்டை எண்ணை அதில் இன்னும் சேர்க்கவில்லை. போனது. அவர் கண்ணுக்கு நேரே, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஐந்தாவது மாடித் தரையில் இருந்த பை அதிர்ந்து பாட ஆரம்பித்தது.

கம்பி வழியாகக் கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றி வீசினார். பெல்ட் பையைத் தொட்டுவிட்டு இன்னும் இரண்டு அங்குலம் தள்ளியது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது, அவர் அழைத்த நபர் அழைப்பை ஏற்கவில்லை என்று.

மேலே ஏறிக் கீழே இறங்க லிப்ட் உண்டு. லிப்ட்டுக்குள் நடக்க ஏது இடம்? மூன்று அடி அந்தப் பக்கம், மூன்று அடி இந்தப் பக்கம். நடந்தார். கத்தினார். நாலாவது மாடியிலிருந்து தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. அது அவர் கத்தலை மென்று தின்றது. மூன்று மணிக்குப் பை மறுபடி பாடியது. அது மனைவி, நினைவுபடுத்துவதாகச் சொல்லியிருந்தாள். மறுபடி பாடியது. மூன்றாவது தடவை பாடியபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். இப்போது அவள் என்ன நினைப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதையேதான் அக்காவும் நினைப்பாள்.

தையல் இயந்திரம் நின்ற இடைவெளியில் அவர் போட்ட கூச்சலுக்குப் படியில் செருப்புச் சத்தம் வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு திரைச்சீலைக்கார அம்மா குனிந்து பார்த்தார்.

"யாருப்பா உள்ள? பயப்படாதே. இந்த லிப்ட்காரர் நம்பர் இருக்கு, போன் போடறேன். ஆனா அந்த ஆளு வர மாட்டான், வந்துட்டேன்னு மட்டும் சொல்லுவான்."

"நான்தாங்கம்மா அந்த ஆளு!"

அம்மா கழுத்து நாடாவைக் கழற்றி, நிதானமாகச் சுருட்டினார். பதினோரு புகாரின் ருசியோடு அதைச் சுருட்டிய மாதிரி இருந்தது. பிறகு, "வெட்டுதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்கம்மா."

"'உங்க மனப்பிரமை'ன்னு நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேம்மா. அந்தப் பையைக் கொஞ்சம்..."

"இதோ இவ்வளவு இடைவெளி இருக்கே, ஏறி வந்துட முடியாதா?"

"முடியும். ஏறும்போது இது நகர்ந்தா பாதி ஆளு வீட்டுக்குப் போவேன், பாதி ஆளு இங்க இருப்பேன். நானே எழுதி ஒட்டியிருக்கேன், பாருங்க, 'ஏறாதீர்கள்'னு."

அம்மா பையைத் திறந்து, சுருட்டைக்குப் போன் போட்டு, கம்பிக்கு அருகில் பிடித்தார். விஷயத்தைக் கேட்ட சுருட்டை பதறிப்போய், "அண்ணே! இதோ வந்துட்டேன்!" என்றான்.

இருபத்திரண்டு வருடமாக அவர் வாயிலிருந்து போன சொல். எதிர்ப்பக்கத்திலிருந்து காதில் விழுவது இதுதான் முதல் தடவை.

"டேய், சட்டை போட்டியாடா?"

"போட்டுக்கிட்டே இருக்கேண்ணே."

ஊருக்கு அந்தக் கோடி. நாலு மணிக்கு முன்னால் சத்தியமாக வர மாட்டான். ஆள் வந்து மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றினால்தான் லிப்ட் இறங்கும். கணக்குப் போட எதுவும் இல்லை. நாலு மணிக் கட்டம் போய்விட்டது.

"வீட்டுக்குச் சொல்லணுமா?" என்றார் அம்மா, குரல் இறங்கி.

"அக்காவுக்குச் சொல்லணும். என் போன்ல போட்டா எடுக்க மாட்டா. உங்க போன்ல போடறீங்களா?"

அம்மா தன் போனில் எண்ணை அழுத்தினார். மணி மூன்று இருபத்தைந்து. பேருந்து இரைச்சலோடு அக்கா குரல் வந்தது. "யாரு?"

நாலு வருடம் கழித்து அந்தக் குரல். அவர் நாக்கு பழக்கத்தில் தானாகப் புரண்டது. வந்துட்டேன் என்று சொன்னால் போதும், ஒரு மணி நேரம் அக்கா நம்பிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, நான்தான். நான் வரல."

அவர் போனுக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

"நாலு மணிக்கு வர முடியாது. அஞ்சுக்குள்ள வருவேனான்னும் தெரியாது. லிப்ட்ல இருக்கேன்."

"வேலையா?"

"இல்லக்கா. மாட்டிக்கிட்டேன். உள்ள."

"எந்தக் கட்டடம்?"

சொன்னார். பாலம், பச்சைத் தொட்டி, எட்டு மாடி. அக்கா வைத்துவிட்டாள்.

விசாரிக்கிறாள், என்று நினைத்தார் அவர். பொய்யா நிஜமா என்று சோதிக்கிறாள். சோதித்து என்ன ஆகப்போகிறது? உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். முழங்கால் ஆடியது. முழங்கால் ஆடியதில் லிப்ட்டே ஆடியது. அம்மா, "ஆட்டாதேப்பா, எனக்குத் தலை சுத்துது" என்று வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒரு திரைச்சீலைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டு துணைக்கு உட்கார்ந்தார். நிமிடங்கள் எறும்பு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போயின.

சரியாக நாலு மணிக்கு அவர் முகத்துக்கு நேரே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. பழுப்புச் செருப்பு, ஒரு வார் தைத்தது. இரண்டாவது விரல் கட்டை விரலைவிட நீளம். அவரைப் பெற்ற அம்மாவின் அதே கால்.

"அக்கா?"

"நீ வரல. அதான் நான் வந்தேன்." மூச்சு வாங்கியது. "அஞ்சு மாடி! லிப்ட்காரன் அக்கா படியேறி வரணும்னு தலையெழுத்து."

கீழே உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. "பெல்ட் எங்கடா?"

"வெளிய கிடக்குக்கா. பேன்ட்டைக் கையால பிடிச்சிருக்கேன்."

சிரிப்பை அக்கா கடித்து விழுங்கினாள்.

அதற்குள் சுருட்டை மூன்று மூன்று படியாகத் தாவி வந்துவிட்டான். "அண்ணே, வந்துட்டேன்!" இந்த முறை நிஜம். சாவியை எடுத்தவனை அக்கா கை காட்டி நிறுத்தினாள்.

"பதினஞ்சு நிமிஷம் பொறு தம்பி."

"ஐயோ, ஆள் மாட்டியிருந்தா உடனே எடுக்கணும்க்கா."

"உள்ள காத்து வருதாடா?"

"வருதுக்கா" என்றார் அவர்.

"வருதாம். பிறந்ததுல இருந்து இவன் ஒரு இடத்துல நின்னு நான் பார்த்ததில்லை. இப்ப விட்டா ஓடிடுவான்."

சுருட்டை தலையைச் சொறிந்துகொண்டு படியில் உட்கார்ந்தான். திரைச்சீலைக்கார அம்மா, அந்தப் பக்கமே பார்க்காதவர் போல, ஊசியில் நூல் கோத்தார். கோத்த நூலையே மறுபடி மறுபடி கோத்தார்.

ஓட முடியாது. போன் பேச முடியாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு ஆறாவது தடவை நீ போன் பண்ணப்போ நான் கிளம்பவே இல்லக்கா. பெரிய வேலை ஒண்ணும் இல்லை. பொத்தான்ல ஒரு விளக்கு எரியல. அதை முடிச்சிட்டுப் போகலாம்னு... முடிச்சிட்டா அம்மாவும் சரியாயிடுவாங்கன்னு ஒரு கிறுக்கு."

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்படி?"

"ஆறு தடவையும் பின்னாடி டிரில் சத்தம் கேட்டுச்சே. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அம்மாவுக்கும் கேட்டுச்சு. 'அவன் வேலையில இருக்கான், தொந்தரவு பண்ணாதடி'ன்னு என்னைத்தான் திட்டினா."

முழங்கால் நின்றுவிட்டிருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

"நாலு வருஷமா இதை ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ நிம்மதியா இருப்பியே." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னை நிம்மதியா விடக்கூடாதுன்னுதான் சொல்லல. அதுல நானும் நிம்மதியா இல்லை. போகட்டும். இன்னைக்கு நீ வரலன்னு சொன்னதும், பஸ்ல பக்கத்துல இருந்தவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. நான் அழுதுக்கிட்டே சிரிச்சேனாம்."

நாலு முப்பத்தைந்துக்கு லிப்ட் நாலாவது மாடிக்கு இறங்கியது. கதவு திறந்ததும் அக்கா அவர் கையில் பெல்ட்டைக் கொடுத்தாள், முதுகில் ஒன்று வைத்தாள். அடி பலமாகத்தான் இருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, "மெதுவாப் போ, நேரம் இருக்கு" என்றாள். நேரம் இருந்தது. ஐந்து மணிக்கே ஒன்பதாவது நடைமேடையில் நின்றார்கள். அக்கா பாதி டீ குடித்து மீதியை அவரிடம் கொடுத்தாள், சின்ன வயதில் செய்வது போல. ஐந்தேகாலுக்குப் பேருந்து கிளம்பியது. ஜன்னல் வழியாக, "நான் போன் பண்ணுவேன். எடுக்கலைன்னா பரவாயில்லை. எடுத்துப் பொய் சொன்னா கொன்னுடுவேன்" என்று கத்தினாள்.

பேருந்து மறைந்த பிறகும் அவர் நடைமேடையிலேயே நின்றார். நோட்டைத் திறந்து பார்த்தார். ஐந்து முதல் ஆறு, போன் கட்டம். போனை எடுத்த கையோடு அது அடித்தது. ஒரு கட்டடத்துக் காவலாளி.

"அண்ணே, மூணாவது மாடியில கதவு மூட மாட்டேங்குது. எங்க இருக்கீங்க?"

"வந்..." வாய் பாதியில் நின்றது. "பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன். இன்னும் கிளம்பல. வர முக்கால் மணி நேரம் ஆகும்."

காவலாளி போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைச் சரிபார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்," என்றான் பிறகு, பணிவாக. "ராங் நம்பர் போல. நான் வந்துட்டேன் அண்ணனைக் கூப்பிட்டேன்."